வீட்டுவண்டி: படுக்கையும் பாதுகாப்பும்

உறங்க இடமும் சமைக்க அடுப்பும் கொண்டு, தானே ஓடும் மோட்டார் வண்டியை ஆங்கிலேயர் 'மோட்டார்ஹோம்' என்பர். நாம் அதனை வீட்டுவண்டி எனலாம். பிரிட்டனில் விடுமுறைப் பயணத்திற்கெனப் பழைய வீட்டுவண்டி வாங்குவோர் பலர். "எத்தனை பேர் படுக்கலாம்?" என்பதே அவர்களுள் பலர் முதலில் கேட்கும் கேள்வி. "எத்தனை பேர் பத்திரமாக அமர்ந்து செல்லலாம்?" என்பதன்றோ முதற்கண் கேட்கத்தக்கது?

இவ்விரு எண்களும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. ஆறு படுக்கையுள்ள வண்டியில் இருக்கை வார் நான்கே இருத்தல் உண்டு. எஞ்சிய இருவர் சுவரோரம் பக்கவாட்டில் அமர நேரும். மோதலின்போது அவ்வாறு அமர்ந்தவரின் உடல் பக்கவாட்டில் வளைந்து முறுக்குண்ணும். இடுப்பு வார் இருப்பினும் காப்பு குறைவே. குழந்தைக்குரிய இருக்கையை அங்கே பொருத்தலாகாது.

அடுத்து ஆராயத்தக்கது எடை. பிரிட்டனில் 1997 சனவரி 1 முதல் கார் ஓட்டும் தேர்வில் தேறியோர், அவ்வுரிமத்தைக் கொண்டு 3,500 கிலோ வரையுள்ள டீசல் வண்டியையே ஓட்டலாம். ஆகவே பல வண்டிகள் அவ்வரம்புக்குள் அமைகின்றன. ஓட்டுநருடன் வண்டியின் எடை 3,100 கிலோ எனக் கொள்வோம். மிகுவது 400 கிலோ. மேலும் மூவர் ஏறினால் சுமார் 225 கிலோ. 100 லிட்டர் நீருக்கு 100 கிலோ. துணிமணி, பாத்திரம், படுக்கை விரிப்பு அனைத்திற்கும் எஞ்சுவது 75 கிலோவே! பின்புற அறையில் சுமை மிகுந்தால், பின்னச்சு தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடிப்புத் தளரும்.

உள்ளமைப்பும் பாதுகாப்பைச் சார்ந்ததே. வாயிலை ஒட்டி அடுப்பு இருப்பின், தீப்பற்றும் வேளையில் வழி அடைபடும். படுக்கையருகே ஆள் வெளியேறத்தக்க சாளரம் உண்டா, அது எளிதில் திறக்கிறதா என்று திறந்தே பார்த்தல் வேண்டும். ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள படுக்கையில் சிறுவர் உறங்குவதாயின் தடுப்பு வலை இன்றியமையாதது. சமையல் வாயு காற்றினும் கனமானது; கசிந்தால் தரையில் தங்கும். அது வெளியேறவே தரையில் துளைகள் வைத்துள்ளனர். குளிருக்கு அஞ்சி முன்னவர் அவற்றை அடைத்திருக்கக் கூடும். நிறமும் மணமும் அற்ற கரியோராக்சைடு நச்சுவாயுவை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவியும் வேண்டும்.

டயரின் வரிப்பள்ளம் ஆழமாயிருப்பது கண்டு மயங்கலாகாது. நெடுநாள் நின்ற வண்டியில் டயர் தேயாமலே முதுமையடையும். அதன் பக்கத்தில் 2318 என்றிருந்தால், 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். சுவர் மூலைகளை அழுத்திப் பார்த்தலும் நன்று. மெத்தென்று அமுங்கினால், நீர் கசிந்து உள்ளிருக்கும் மரச்சட்டம் உளுத்திருக்கலாம்.

எனவே, வாங்க விழைவோர் குடும்பத்தார் அனைவரையும் உடனழைத்துச் சென்று, ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் அமர்த்தி, வார் பூட்டிப் பார்த்தல் வேண்டும். பின்னர் வண்டியை எடைமேடையில் ஏற்றிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். இவ்விரண்டும் நிறைவளித்த பின்னரே விலை பேசுதல் முறையாகும்.