ஆறு மாதம் கழித்து வரச் சொன்னால்...

மார்பக ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘பைராட்ஸ் 3’ என்று அச்சாகியிருக்கும். ஸ்கேன் சென்டர் வாசலிலேயே அதை செல்போனில் படமெடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார்கள். சற்று நேரத்தில் யாராவது ஒருவர், “மூணாவது ஸ்டேஜா?” என்று கேட்பார். அழுகை தொடங்கிவிடும். பெரியம்மாவோ அத்தையோ மார்பகப் புற்றுநோயால் இறந்த வீடு என்றால் அன்றிரவு யாரும் தூங்க மாட்டார்கள்.

பைராட்ஸ் எண்ணுக்கும் ஸ்டேஜுக்கும் சம்பந்தமே இல்லை. புற்றுநோய்தான் என்று உறுதியான பிறகு, அது எந்த அளவு பரவியிருக்கிறது என்று சொல்வது ஸ்டேஜ். படத்தைப் பார்த்த ரேடியாலஜிஸ்டுக்கு எவ்வளவு சந்தேகம் இருக்கிறது, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்வது பைராட்ஸ். மார்பகப் பட அறிக்கைகளை எல்லோரும் ஒரே மொழியில் எழுத வேண்டும் என்பதற்காக அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 1993இல் இதைக் கொண்டுவந்தது. இன்று சென்னையிலும் சேலத்திலும் திருநெல்வேலியிலும் இதே எண்களில்தான் ரிப்போர்ட் வருகிறது. எண் மட்டும் வருகிறது. அதற்கு விளக்கம் சொல்ல ஆள் இருப்பதில்லை.

எண்களைப் படிக்கும் விதம்

1 என்றால் படத்தில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் அது தீங்கில்லாதது என்பதில் மருத்துவருக்குச் சந்தேகமில்லை. சாதாரண நீர்க்கட்டி இந்த வகை. 3 என்றால் அநேகமாகத் தீங்கில்லாதது. புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டைத் தாண்டாது. 4 என்றால் ஊசி டெஸ்ட் செய்து பார்க்க வேண்டும். இந்த 4 மிக அகலமான கூடை. நூற்றுக்கு இரண்டிலிருந்து தொண்ணூற்றைந்து வரை எல்லாம் இதற்குள் வந்துவிடும். அதனால்தான் 4ஏ, 4பி, 4சி என்று பிரித்திருக்கிறார்கள். 4ஏ என்றால் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்குள்தான். ரிப்போர்ட்டில் வெறும் 4 என்று இருந்தால் எந்த 4 என்று கேட்டுவிடுங்கள். 5 என்றால் சந்தேகம் மிக வலுவானது. 6 என்பது ஏற்கெனவே நோய் உறுதியானவருக்குச் சிகிச்சைக் காலத்தில் எடுக்கும் படத்துக்கு.

தேவையில்லாமல் அதிகம் பயமுறுத்துவது 0தான். ‘முடிவு சொல்ல இந்தப் படம் போதாது, இன்னொரு கோணத்தில் எடுக்க வேண்டும், அல்லது ஸ்கேனோ பழைய படமோ வேண்டும்’ என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாமல் பரிசோதனைக்காக மட்டும் மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளும் பெண்களில் அமெரிக்காவில் நூற்றுக்குப் பத்துப் பேர் போல மறுபடி அழைக்கப்படுகிறார்கள். அவ்வாறு பரிசோதித்துக்கொள்ளும் ஆயிரம் பேரில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவது ஐந்து பேர் அளவில்தான்.

ஏன் ஆறு மாதம்?

“சந்தேகம் இருந்தால் இப்போதே எடுத்துவிட வேண்டியதுதானே? இல்லையென்றால் எதற்கு மறுபடி வரச் சொல்கிறார்கள்?” பைராட்ஸ் 3 வந்த வீட்டில் எல்லாம் எழும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

இங்கே பரிசோதனையே காலம்தான். முப்பது வயதுக்குள் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஃபைப்ரோ அடினோமா என்னும் நார்க்கட்டிகள். ஸ்கேனில் நீள்வட்டமாக, ஓரம் தெளிவாக, தோலுக்கு இணையாகப் படுத்த வாக்கில் தெரியும். விரலால் தொட்டால் வழுக்கி நகரும். இப்படித் தெரியும் கட்டிகளில் மிகச் சில மட்டும் வேஷம் போட்ட புற்றுநோயாக இருக்கலாம். அந்தச் சிலவற்றை ஒரே படத்தில் பிரித்தறிய முடியாது. ஆனால், புற்றுநோய் வளரும். நார்க்கட்டி பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும், அல்லது மெதுவாக வளரும்.

ஒரு கட்டியின் விட்டம் 10 மில்லிமீட்டரிலிருந்து 12.6 மில்லிமீட்டரானால் அதன் கொள்ளளவு இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள். மார்பகப் புற்றுநோய்கள் பலவற்றுக்கு இப்படி இரட்டிப்பாகச் சில மாதங்கள் பிடிக்கும். ஒரே மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்தால் தெரிவது அரை மில்லிமீட்டர் வித்தியாசம். அது வளர்ச்சியா, அளந்தவர் கை சற்று விலகியதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறு மாதத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிடும். அதே சமயம் சிகிச்சைக்கான வாய்ப்பும் நழுவிவிடாது. ஆறு மாதத்தில் நீளவாக்கு அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தாலோ, ஓரம் மங்கியிருந்தாலோ ஊசி டெஸ்ட். மாறவில்லை என்றால் ஒரு வருடத்தில், பிறகு இரண்டாம் வருடத்தில் ஒரு முறை. அதுவரை அசையாமல் இருந்தால் 3 என்பது 2 ஆகிவிடும்.

இந்த முறைக்குப் பின்னால் சான் ஃபிரான்சிஸ்கோவின் எட்வர்ட் சிக்கிள்ஸ் என்ற ரேடியாலஜிஸ்ட் 1991இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. மேமோகிராமில் அநேகமாகத் தீங்கில்லாதவை என்று குறித்த 3,184 பேரின் மாற்றங்களை அவர் உடனே வெட்டியெடுக்கச் சொல்லாமல் தொடர்ந்து படமெடுத்தே கவனித்தார். புற்றுநோயாக முடிந்தவை 17. அந்தப் பதினேழும் ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டன. மீதமிருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் கத்தியும் தழும்பும் இல்லாமல் தப்பித்தார்கள்.

இந்த ஆய்வின் கணக்கு திரும்பி வந்தவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். நம் ஊரில் நான் அஞ்சுவது அங்கேதான். ஆறு மாதம் கழித்து மகளின் பரீட்சை வரும், நாத்தனார் வீட்டுக் கல்யாணம் வரும், வலி ஒன்றும் இல்லையே என்ற தைரியமும் வந்துவிடும். வலியில்லாதது நல்ல செய்தி என்று நினைக்கிறோம். மார்பகத்தில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. வலி மட்டும் இருந்தால் பெரும்பாலும் மாதவிலக்குச் சுழற்சி சார்ந்தது. புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.

போகும்போது பழைய ஃபிலிம், சிடி, ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். முடிந்தால் அதே சென்டருக்கே போவது நல்லது. தள்ளுபடி விலைக்காக வேறு இடத்துக்குப் போனால், அங்குள்ளவர் கட்டியை வேறு கோணத்தில் அளப்பார். 11 மில்லிமீட்டர் 13 ஆகிவிடும், ஒரு வாரத் தூக்கம் போகும். ரிப்போர்ட்டில் கட்டியின் இடத்தைக் கடிகார முள் கணக்கில் எழுதியிருப்பார்கள்: வலது மார்பகம், 10 மணி, காம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் என்று. இந்த முறை அளந்ததும் அதே கட்டியைத்தானா என்று அந்த வரியை வைத்து நீங்களே சரிபார்க்கலாம். மாதவிலக்கு நிற்காதவர்கள் அது முடிந்த வாரத்தில் எடுத்துக்கொண்டால் மார்பகம் வீங்காமல் இருக்கும், மேமோகிராம் அழுத்தும்போது வலியும் குறையும். கதிர்வீச்சைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரு மேமோகிராமில் உடலுக்குக் கிடைப்பது, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஏழெட்டு வாரத்தில் தானாகக் கிடைக்கும் அளவுதான். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அதுவும் இல்லை.

வீட்டில் ஒருவருக்கு இருந்திருந்தால்

அம்மாவுக்கு இருந்ததால் மகளுக்கும் வந்தே தீரும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. யாருக்கும் இல்லாததால் எனக்கு வராது என்ற எண்ணம் அதைவிட ஆபத்தானது. பல நாடுகளின் 52 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2001இல் வெளியான பகுப்பாய்வின்படி, மார்பகப் புற்றுநோய் வந்த ஒன்பது பெண்களில் எட்டுப் பேருக்கு அம்மா, அக்கா தங்கை, மகள் யாருக்கும் அந்த நோய் இருந்ததில்லை. இந்த நெருங்கிய உறவில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. இருவருக்கு இருந்தால் மூன்று மடங்கு.

பரம்பரை மரபணுக் கோளாறால் வருபவை மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துதான். பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற இரண்டு மரபணுக்களே அவற்றில் முக்கியமானவை. இவற்றில் கோளாறு உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபதை ஒட்டியிருக்கிறது. மற்றவர்களிடமிருந்து அவர்கள் பாதை அடியோடு வேறு: 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., 30லிருந்து மேமோகிராமும் சேர்த்து.

யாருக்கு இந்தச் சந்தேகம் வர வேண்டும்? ஐம்பது வயதுக்கு முன்பே நோய் வந்த உறவினர், இரண்டு மார்பகத்திலும் வந்தவர், சினைப்பைப் புற்றுநோய் வந்தவர், மார்பகப் புற்றுநோய் வந்த ஆண், இவர்களில் யாராவது ரத்த உறவில் இருந்தால். அப்பா வழியும் சமமாகக் கணக்கில் வரும். மருத்துவர் கேட்கும்போது அம்மா வழியை மட்டும் சொல்லிவிட்டு, அப்பாவின் அக்காவையும் அப்பத்தாவையும் பலர் விட்டுவிடுகிறார்கள். அத்தையே மாமியாராக வந்த வீடுகளில், மாமியாருக்கு வந்த நோயும் ரத்த உறவில் வந்த நோய்தான் என்பது நினைவிலேயே இருப்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெண்ணுக்குச் சம்பந்தம் தட்டிப்போகும் என்று மறைத்த நோய்கள் நம் வீடுகளில் ஏராளம். ‘வயித்துல கட்டி’ என்று சொல்லிப் புதைத்த கதை சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். அன்று மருத்துவமனையில் உடனிருந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, யார், என்ன நோய், எந்த வயதில் என்று ஒரு தாளில் எழுதி வைப்பது எந்த ஸ்கேனுக்கும் குறையாத உதவி. மரபணுப் பரிசோதனை என்று வந்தால் முதலில் செய்யவேண்டியது நோய் வந்தவருக்கு, அவர் உயிரோடு இருந்தால். அவரிடம் கோளாறு என்னவென்று தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்கு ‘இல்லை’ என்று வரும் முடிவுக்கு முழு மதிப்பு.

சரி, குடும்பத்தில் நோய் இருப்பதால் ஸ்கேன் ரிப்போர்ட்டின் பொருள் மாறுமா? சாதாரண நீர்க்கட்டி யாருடைய மகளுக்கு இருந்தாலும் நீர்க்கட்டிதான். அதற்கு ஊசியும் வேண்டாம், ஆறு மாதமும் வேண்டாம். ஆனால், திடமான கட்டியின் கதை வேறு. பி.ஆர்.சி.ஏ. 1 கோளாறு உள்ளவர்களுக்கு வரும் புற்றுநோய் சில சமயம் வட்டமாக, ஓரம் வழவழப்பாக, நார்க்கட்டி போலவே தெரியும். அதனால் அவர்களுக்குப் புதிதாக ஒரு திடக்கட்டி தெரிந்தால், காத்திருப்பதைவிட ஊசி டெஸ்ட்டையே மருத்துவர்கள் விரும்புவார்கள். மரபணுக் கோளாறு தெரியாத, ஆனால் நெருங்கிய உறவில் இருவருக்கு இருந்த பெண்ணும் அதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். விரைவில் கருத்தரிக்க நினைப்பவர், வெளிநாடு போகிறவர், ஆறு மாதம் இந்தக் கவலையோடு இருக்கவே முடியாதவர் ஆகியோரும் ‘இப்போதே ஊசி டெஸ்ட் செய்துவிடலாமா?’ என்று கேட்கலாம். அது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. மருத்துவ நெறிமுறையிலேயே அதற்கு இடமிருக்கிறது.

நோயே இல்லாமல் பரிசோதனையை எப்போது தொடங்குவது என்பதற்கு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு: உறவினருக்கு நோய் வந்த வயதிலிருந்து பத்தைக் கழிப்பது. அம்மாவுக்கு 45இல் வந்திருந்தால் மகளுக்கு 35.

கைக்குத் தட்டுப்படுகிறது, படத்தில் இல்லை

இது நடக்கும். இளம் பெண்களின் மார்பகத்தில் சுரப்பித் திசு அடர்த்தியாக இருக்கும். மேமோகிராமில் அது வெள்ளை, கட்டியும் வெள்ளை. அதனால்தான் முப்பதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முதலில் ஸ்கேன், நாற்பதைக் கடந்தவர்களுக்கு மேமோகிராமும் ஸ்கேனும். படம் இரண்டும் சுத்தமாக இருந்தும் கட்டி தெளிவாகத் தட்டுப்பட்டால், ‘நார்மல்’ என்ற சொல்லோடு வீடு திரும்பக்கூடாது. மருத்துவரின் கை, படம், தேவைப்பட்டால் ஊசி டெஸ்ட் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று முரண்பட்டாலும் விசாரணை முடியவில்லை.

ஊசி போட்டால் பரவுமா?

ஊசி டெஸ்ட் என்றதும் “குத்தினா பரவிடுமாம்” என்று சொல்ல ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். ஊசி பட்டதால் நோய் முற்றியது என்பதற்கு ஆதாரமில்லை. ஊசி டெஸ்ட்டுக்குப் பயந்து, கட்டியை நேரடியாக வெட்டியெடுத்துப் பின்னர் புற்றுநோய் என்று தெரியவரும்போதுதான் சிக்கல். அறுவையைத் திட்டமிட்டுச் செய்யும் வாய்ப்பு போய், இரண்டாவது முறையும் மேஜைக்குப் போக வேண்டிவரும்.

மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சுவது எஃப்.என்.ஏ.சி. மரத்துப்போக மருந்து போட்டு, தடித்த ஊசியால் சிறு திசுத் துண்டை எடுப்பது கோர் பயாப்சி. சந்தேகமுள்ள திடக்கட்டிக்கு இரண்டாவதுதான் தெளிவான பதில் தரும். பதில் ‘தீங்கில்லாதது’ என்று வந்தாலும், படம் சொன்னதற்கு அது பொருந்துகிறதா என்று ஒரு முறை கேளுங்கள். படம் 5 என்று சொல்லி ஊசி ‘ஒன்றுமில்லை’ என்றால், ஊசி சரியான இடத்தைத் தொடவில்லை என்றே மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள், மறுபடி எடுப்பார்கள்.

தேதி வரும்வரை காத்திருக்கக் கூடாதபோது

ஆறு மாதம் என்பது எதுவும் மாறாதவரை மட்டுமே. நடுவில் கட்டி சட்டென்று பெரிதானாலோ, தோல் உள்ளிழுத்துக் குழிந்தாலோ, ஆரஞ்சுத் தோல் போலத் தடித்தாலோ, காம்பு புதிதாக உள்ளே போனாலோ, அமுக்காமலே ரத்தம் கலந்த நீர் கசிந்தாலோ, அக்குளில் நெறி கட்டி இரண்டு வாரத்தில் அடங்காவிட்டாலோ ரிப்போர்ட்டில் உள்ள தேதியைப் பார்க்காமல் உடனே போக வேண்டும். பழைய ஃபிலிம் உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு, “ஆறு மாசத்துக்கு அப்புறம்தான் வரச் சொன்னாங்க, ஆனா இப்ப இது புதுசா இருக்கு” என்று வரவேற்பு மேஜையிலேயே சொல்லிவிட்டால், அடுத்த மாதத்துக்கு டோக்கன் போட மாட்டார்கள்.