ஒரே குளிசை, இரண்டு உடல்கள்

கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த தம்பி, விற்றமின் ஈ குளிசைப் போத்தல்கள் இரண்டு கொண்டு வந்திருந்தான். ஒன்று உம்மாவுக்கு, மற்றது சாச்சிக்கு. இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். சில மாதங்கள் போன பின் உம்மா என்னிடம் கேட்டா: "அவக்கு இப்ப தடிமனே வாறல்லயாம். எனக்கு மட்டும் ஏன் மகள் விட்டபாடில்ல? நாங்க ஒரு தாய் வயித்துப் பிள்ளைகள்தானே?"

நான் தமிழ் படிப்பிப்பவள், மருத்துவம் கற்றவளல்ல. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்காகத் தேடி வாசித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாச்சிக்குச் சில மாதங்கள் தடிமன் வரவில்லை என்பதை மட்டும் வைத்து, அது குளிசையின் வேலை என்று முடிவு கட்ட முடியாது. குளிசை குடித்த பலரையும் குடிக்காத பலரையும் ஒப்பிட்டுத்தான் அதை அறியலாம்.

வயது ஏற ஏற நமது நோயெதிர்ப்புச் சக்தி தளர்கிறது. கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையான 'ரீ' கலங்கள் முன்போல வேகமாகப் பெருகுவதில்லை. அவற்றை அடக்கி வைக்கும் புரொஸ்டகிளான்டின் என்ற பொருளும் முதுமையில் கூடுதலாகச் சுரக்கிறது. விற்றமின் ஈ அந்தச் சுரப்பைக் குறைத்து, 'ரீ' கலங்களுக்கு மீண்டும் உற்சாகம் கொடுக்கிறது. முதியோருக்கு இக்குளிசையைக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் இதிலிருந்தே பிறந்தது.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் சிமின் மெய்தானி என்ற ஆய்வாளரின் குழு, பொஸ்டன் பகுதியிலுள்ள 33 முதியோர் இல்லங்களில் 617 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 200 சர்வதேச அலகு விற்றமின் ஈ. மற்றோருக்கு அந்த விற்றமின் இல்லாத, பார்வைக்கு ஒரே மாதிரியான குளிசை. ஒரு வருடம் கொடுத்தார்கள். 2004இல் வெளிவந்த முடிவின்படி, விற்றமின் ஈ பெற்றோரில் தடிமன் பிடித்தவர்கள் குறைவு. ஆனால் நெஞ்சுக்குள் இறங்கும் நியூமோனியா போன்ற தொற்றுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் நெதர்லாந்தில், சொந்த வீடுகளில் வாழ்ந்த 60 வயதைத் தாண்டிய 652 பேரிடம் நடந்த ஆய்வு வேறு கதை சொன்னது. அங்கு விற்றமின் ஈ தொற்று வருவதைக் குறைக்கவில்லை. வந்த தொற்று கடுமையாகவே இருந்தது.

ஒரே விற்றமின், ஓரிடத்தில் நன்மை, இன்னோரிடத்தில் தீமை. உணவு, உடல்நிலை, வாழும் சூழல் எல்லாம் இதற்குக் காரணமாகலாம். இன்னொரு காரணம் பரம்பரையலகு.

எழுத்தொன்று மாறினால் 'பழம்' 'பலம்' ஆகிவிடும் என்று வகுப்பில் சொல்வேன். பரம்பரையலகிலும் அப்படி ஓரெழுத்து மாற்றங்கள் உண்டு. அழற்சியைத் தூண்டும் ரீ.என்.எஃப். அல்ஃபா என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பரம்பரையலகுக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் பலருக்குக் குவானின் இருக்கும். சிலருக்கு அதே இடத்தில் அடினின். இங்கே சொல் மாறுவதில்லை. அதை எவ்வளவு உரத்து வாசிப்பது என்பதுதான் மாறுகிறது. அடினின் உள்ளவர்களிடம் இப்புரதம் கூடுதலாகச் சுரக்கும் போக்கு உண்டு.

டஃப்ட்ஸ் குழுவினர் பொஸ்டன் முதியோர் சிலரின் இரத்தத்தில் இந்த எழுத்தையும் பார்த்தார்கள். அடினின் உள்ளவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டபோது, விற்றமின் ஈ பெற்றவர்களிடம் அப்புரதம் குறைவாகச் சுரந்திருந்தது. அதாவது, அழற்சி கூடும் இயல்போடு பிறந்தவர்களிடமே குளிசையின் தணிக்கும் வேலை தெரிந்தது. இது 2009இல் வெளியானது. அடுத்த வருடம் வந்த இன்னொரு கட்டுரை, நெஞ்சுத் தொற்றில் விற்றமின் ஈ உதவுவது ஆணா பெண்ணா என்பதையும், ஐ.எல்.10 என்ற மற்றொரு பரம்பரையலகின் எழுத்தையும் பொறுத்திருக்கலாம் என்றது.

உம்மாவின் கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. உடன்பிறந்தவர்களுக்குப் பொதுவாக இருப்பது, சராசரியாகப் பாதிப் பரம்பரையலகுதான். தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி; எந்தப் பிள்ளைக்கு எது வாய்க்கும் என்பது நம் கையில் இல்லை. ஒரு தாய் வயிற்றில் பிறந்தும் ஒரே மருந்துக்கு இரண்டு உடல்கள் இரண்டு விதமாய்ப் பதில் சொல்லலாம்.

இதைக் கேட்டு இரத்தம் சோதிக்க யாரும் ஓட வேண்டாம். பார்க்கப்பட்டவர்கள் சிறு தொகையினர். இந்த முடிவுகளை வைத்து, இவர் குடிக்கலாம், இவர் குடிக்கக் கூடாது என்று எந்த டொக்டரும் இன்று சொல்லிவிட முடியாது.

சொல்லக்கூடியவை வேறு உண்டு. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவையான விற்றமின் ஈ 15 மில்லிகிராம், ஏறத்தாழ 22 சர்வதேச அலகு. எங்கள் போத்தலில் போட்டிருந்தது 400. கச்சான், பாதாம், சூரியகாந்தி எண்ணெய், கீரை வகைகளில் இந்த விற்றமின் இருக்கிறது. அளவு மிஞ்சினால் இரத்தம் உறைவது தடைப்படும்.

இதை வாசித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. சாச்சி இருதய வருத்தத்துக்காக, இரத்தம் உறையாதிருக்க வோஃபரின் குடிப்பவ. அடுத்த கிளினிக்குக்கு அந்தப் போத்தலையும் எடுத்துப் போகச் சொன்னேன். டொக்டர் பார்த்துவிட்டு, அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார். குளிசை யாருக்கு நல்லா வேலை செய்கிறது என்று நினைத்தோமோ, அவவுக்குத்தான் அதில் ஆபத்தும் இருந்தது.

நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் பார்த்து மருத்துவம் செய் என்பது, திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் நான் வருடாவருடம் படிப்பிக்கும் பொருள்தான். வெளிநாட்டுப் போத்தல் அன்போடு வீட்டுக்கு வந்தால் வாங்கி வையுங்கள். "இது நல்லதா?" என்று கேட்பதோடு நிற்காமல், "இது இவருக்கு நல்லதா?" என்று டொக்டரிடம் கேட்ட பிறகு மூடியைத் திறவுங்கள்.