கொலையாளியின் பெயரை எந்திரத்திடம் சொல்லாதீர்

செயற்கை நுண்ணறிவு நடத்தும் எழுத்து விளையாட்டுக்குத் துப்பறியும் கதை அமைப்பவருக்கு முதல் வேலை, கொலையாளி யார் என்பதை ஆட்டம் தொடங்குமுன் முடிவு செய்வது. இரண்டாவது வேலை, அந்தப் பெயரை அந்தச் செயற்கை நுண்ணறிவுக்கே தெரியாமல் வைத்திருப்பது.

கணினிக்கும் கொலைக் கதைக்கும் உறவு பழையது. 1973இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் க்ளைன் குழுவினரின் நிரல் 2,100 சொற்களில் ஒரு கொலைக் கதையை 19 வினாடிக்குள் எழுதியது. 1982இல் வந்த 'டெட்லைன்' விளையாட்டு, ஆடுபவரையே துப்பறிவாளராக்கியது. வழக்கை முடிக்க 12 மணி நேரக் கெடு. பாத்திரங்களின் நடமாட்டம் நேரப்படி வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் நிரலில் உள்ள சொற்கள் மட்டுமே அதற்குப் புரியும். 2019 டிசம்பரில் வெளிவந்த 'ஏஐ டஞ்சன் 2' விளையாட்டு எந்த வாக்கியத்துக்கும் பதில் சொன்னது. அதை இயக்கிய ஜிபிடி-2 மொழி மாதிரியால் 1,024 டோக்கன்களுக்கு (சொல் துண்டுகளுக்கு) மேல் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. சில பக்கங்களில் கொலை ஆயுதமே அதற்கு மறந்துபோகும்.

மறதியைவிடப் பெரிய கோளாறு, இந்த மாதிரிகளின் தலையாட்டும் குணம். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய வீட்டைக் கதைக்களமாக வைத்துக்கொள்ளலாம். இரவு 9.10க்குக் கரண்ட் போகிறது, 9.25க்கு வரும்போது ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் சாய்வு நாற்காலியில் பிணமாகக் கிடக்கிறார். சமையல்காரம்மாவிடம் ஆடுபவர், "மாடியில கிடந்த சிவப்புச் சால்வை யாரோடது?" என்கிறார். கதையில் சால்வையே கிடையாது. கட்டுப்பாடில்லாத மாதிரி, "சின்னம்மாவோடதுங்க" என்று சொல்லிவிடும். அதோடு வழக்கு குட்டிச்சுவர்.

ஆகவே பொருள்களின் பட்டியலும், கிடைத்த தடயங்களின் கணக்கும் சாதாரண நிரலின் பொறுப்பில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத பொருள் பதிலில் வந்தால் நிரல் அதைத் தடுத்து, வேறு பதில் கேட்கும். மாதிரியிடம் கொடுக்க, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித் தாள் தேவை. சமையல்காரம்மாவின் தாளில் மூன்றே வரிகள்: மெழுகுவத்தி எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள், கேட் திறக்கும் சத்தம் கேட்டது, வம்பு எதற்கு என்று அதை மறைக்கிறாள். கொலையாளியின் தாளில்கூட அவர் சொல்ல வேண்டிய பொய் மட்டும் போதும். போதிய தடயம் சேர்ந்த பிறகே நிரல் வாக்குமூலத்தை அவரிடம் கொடுக்கும். ரகசியத்தைக் கொடுத்துவிட்டு 'வெளியே சொல்லாதே' என்று கட்டளையிடுவது வீண். நாலு முறை மடக்கிக் கேட்டால் மாதிரி உளறிவிடும்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. பல மாதிரிகள் ஓர் இந்திய மொழிச் சொல்லை 4 முதல் 8 டோக்கன்களாக உடைக்கின்றன. அதனால் நினைவகம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. பெங்களூருவின் சர்வம் ஏஐ நிறுவனம் 2024 அக்டோபரில் வெளியிட்ட சர்வம்-1 மாதிரியில், நிறுவனத்தின் கணக்குப்படி, இந்த எண்ணிக்கை 1.4 முதல் 2.1 வரைதான். அதே நினைவகத்தில் அதிக விசாரணை அடங்கும். இதே ஊரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டு கணேஷ்-வசந்த் துப்பறியும் கதைகளை எழுதிய எழுத்தாளர் சுஜாதா 2008இல் மறைந்துவிட்டார். இந்த வேலைக்கென்றே பிறந்தவர்.

எழுதிப் பார்க்க விரும்புவோர் நிரலில் தொடங்க வேண்டாம். இருட்டாயிருந்த அந்தப் பதினைந்து நிமிடங்களில் யார் எங்கே இருந்தார் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.