பழசைப் போட்டுப் புதுசு எடுக்கும் கணக்கு

தமிழ்நாட்டில் நகை இல்லாத வீடு அரிது. ஆனால் முப்பது வருடத்துக்கு முன் கல்யாணமான ஒருவரின் கல்யாண போட்டோவையும் அவருடைய நகைப்பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போட்டோவில் இருப்பது பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. ஆரம் நெக்லஸாகியிருக்கும். நெக்லஸ் இரண்டு ஜோடி வளையலாகியிருக்கும். அதில் ஒரு ஜோடி மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போக, மிச்சம் ஒரு செயினாகக் கிடக்கும். எத்தனை பவுன் இருக்கிறது என்று கேட்டால் உடனே பதில் வரும். இந்த நகை எப்போது வந்தது, யார் செய்தது என்று கேட்டால் வராது.

அவசரத்துக்கு விற்பதையும் அடகு வைப்பதையும் குறை சொல்ல முடியாது. பாதி வீடுகளில் தங்கம் வாங்குவதே அந்த நாளை மனதில் வைத்துத்தான். எந்த அவசரமும் இல்லாமல், "டிசைன் பழசாயிடுச்சு" என்று மாற்றுவதுதான் பெட்டியைக் கரைக்கிறது.

கணக்குச் சுலபமாக இருக்க, கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பவுனில், அதாவது 16 கிராமில் ஒரு நெக்லஸ். தங்கத்தின் விலை 1,60,000 ரூபாய். செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து 15 சதவீதம் என்றால் 24,000. இரண்டையும் கூட்டிய தொகைக்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 5,520. ஆக பில் 1,89,520. கடைப் படியை விட்டு இறங்கும்போதே 29,520 ரூபாய் போய்விட்டது. சில வருடம் கழித்து அதைக் கொடுத்து அதே எடையில் வேறு டிசைன் எடுத்தால், பழையதற்குத் தங்கத்தின் விலை மட்டும்தான் கிடைக்கும். புதியதற்கு மறுபடியும் செய்கூலி, சேதாரம், வரி. முதலில் வாங்கியதோடு இன்னும் இரண்டு தடவை மாற்றினால், தங்க விலை ஒரு ரூபாய்கூட நகராவிட்டாலும் 88,560 ரூபாய் கரைந்திருக்கும். இரண்டு பவுன் நகையைக் கழுத்தில் வைத்துக்கொள்ள ஒரு பவுனுக்கு மேல் கூலி. இது போதாதென்று, நகையைக் கொடுத்து நகை வாங்குவதும் வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் கைமாற்றம்தான். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த நகை என்றால், லாபத்துக்கு 12.5 சதவீத வரி என்பது 2024 ஜூலை 23 முதல் உள்ள விதி.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "அதனால்தான் சொல்கிறேன், காசாக வாங்கிப் போடு" என்று சொல்லும் மாமா எல்லாக் குடும்பத்திலும் உண்டு. முதலீட்டுக்கு அவர் சொல்வது சரி. ஆனால் செய்கூலி வீண் என்பது நகையை உருக்குகிறவருக்கு மட்டுமே உண்மை. உருக்காமல் வைத்திருப்பவருக்கு அந்த 15 சதவீதம்தான் நகை. மீதி வெறும் உலோகம். நல்ல நகைகளைப் பல வருடமாகச் சேர்ப்பது என்பதே, எதை மாற்றத் தோன்றாதோ அதை மட்டும் வாங்குவதுதான்.

பாம்படத்துக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். தென்மாவட்டங்களில் காது வளர்த்த பாட்டிமார் அணிந்த அந்தக் காதணி, கோளமும் சதுரமும் முக்கோணமுமாகத் தங்கத் தகட்டை மடித்து, உள்ளே அரக்கு நிரப்பிச் செய்தது. இன்றைய நவீன சிற்பி ஒருவர் வடித்தார் என்றாலும் நம்பலாம். காது வளர்ப்பது பட்டிக்காட்டுப் பழக்கம் என்று ஆனதும், தொங்கிய காதைத் தைத்து மூடிக்கொண்டார்கள். பாம்படம் உருக்குக் குகைக்குப் போனது. பேத்திகளுக்கு ஆளுக்கொரு செயின் கிடைத்தது. இன்று நல்ல ஜோடி ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். உருக்கியபோது அதன் விலையை நிர்ணயித்தது தராசு மட்டும்தான், அதுவும் அரக்கைக் கழித்துவிட்டு.

சரி, எங்கிருந்து தொடங்குவது? தினமும் போடுவதையும் சேர்த்து வைப்பதையும் முதலில் பிரித்துவிட வேண்டும். 22 காரட் தங்கம் மெத்தென்றிருக்கும் உலோகம். தாலிக்கொடியும் தினசரி வளையலும் சேலையிலும் சோப்பிலும் உரசித் தேய்ந்துகொண்டே இருக்கும், எடையும் குறையும். அவற்றை எந்திரப் பின்னலில், குறைந்த செய்கூலியில் வாங்குங்கள், தேய்ந்தால் மாற்றுங்கள். சேகரிப்புக்கென்று வாங்குவதற்கு ஒரு நூல் பிடித்துக்கொள்வது நல்லது. என்னைக் கேட்டால் காதணியைச் சொல்வேன். தோடு, ஜிமிக்கி, மாட்டல், கல் வைத்த லோலாக்கு என்று வகைக்குப் பஞ்சமில்லை. ஒரு பவுனுக்குள் முடியும். ஒட்டியாணம்போல வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் வெளியே வருகிற பொருளும் அல்ல. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று என்று வாங்கினாலும் இருபது வருடத்தில் சொல்லிக்கொள்ளும்படியாக ஒரு பெட்டி சேர்ந்துவிடும்.

ஜிமிக்கி வாங்கும்போது அதை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். தலைகீழாகத் திருப்பிக் குடைக்குள் பாருங்கள். கையால் செய்ததில் தகடு வெட்டி வளைத்த இடமும் பற்றவைத்த இடமும் தெரியும். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அச்சில் வார்த்தது என்றால் உள்பக்கம் ஒரே மாதிரி மொழுமொழுவென்று இருக்கும், எடையும் கூடுதலாக இருக்கும். குடையின் விளிம்பில் ஒட்டிய குண்டுமணிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக உருண்டு நிற்க வேண்டும். இடையிடையே பற்று வழிந்து மேடு தட்டியிருந்தால் அவசர வேலை. அப்புறம் திருகாணி. நான்கைந்து சுற்று ஆடாமல் இறங்க வேண்டும். காதணி தொலைவது பெரும்பாலும் திருகு தேய்ந்துதான். மறை ஓடிய திருகாணியை உடனே மாற்றுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் கொஞ்சம்.

எல்லாமே தங்கமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நாகர்கோவில் வடசேரியில் செய்கிற கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெள்ளியில் வடித்து, தங்கத் தகடு போர்த்தி, சிவப்பும் பச்சையுமாகக் கல் பதிப்பார்கள். சாமிக்கென்று செய்தது பரதநாட்டிய மேடைக்கு வந்து, அங்கிருந்து கல்யாண மண்டபத்துக்கு வந்தது. நல்ல ஆசாரி செய்த ராக்கொடி ஒன்றை வாங்கி வைத்தால் அதை யாரும் "எத்தனை பவுன்" என்று கேட்கப்போவதில்லை. அதுவே ஒரு நிம்மதி.

தூய்மை விஷயத்தில் இன்றைய வாங்குபவர் அம்மாவையும் பாட்டியையும்விட அதிர்ஷ்டசாலி. பி.ஐ.எஸ். ஹால்மார்க் 2000-ல் வந்தது; 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. முக்கோண பி.ஐ.எஸ். முத்திரை, 22கே916 போன்ற தூய்மை எண், எச்.யு.ஐ.டி. இந்த மூன்றும் நகையில் இருக்க வேண்டும். கடையிலேயே லென்ஸ் கேட்டு அந்த ஆறு இலக்கத்தை வாசித்து, செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். தூய்மை மட்டுமல்ல, அது என்ன வகை நகை என்பதும் வரும். கையில் இருப்பது மோதிரம், திரையில் வருவது கம்மல் என்றால் வேறு கடை பார்க்கலாம். பில்லில் தங்கத்தின் நிகர எடை தனியாக இருக்க வேண்டும். சொன்ன தூய்மை இல்லை என்று சோதனையில் தெரிந்தால், குறைந்த மதிப்பின் இரண்டு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் கடைக்காரர் தர வேண்டும் என்பது விதி. குந்தன், போல்கி, ஜடாவ் வேலைப்பாடுகளுக்கும் 2 கிராமுக்குக் குறைந்த பொருட்களுக்கும் இந்தக் கட்டாயம் கிடையாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹால்மார்க் தங்கத்துக்குத்தான், கல்லுக்கு அது எந்த உத்தரவாதமும் தராது. அட்டிகையில் பதித்த சிவப்புக் கல்லில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் வளர்த்தவை அல்லது கண்ணாடி. அப்படிச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் தப்பில்லை. கல்லையும் தங்கத்தோடு சேர்த்து நிறுத்துத் தங்க விலை போடுவதுதான் தப்பு. நிஜ மாணிக்கம் என்று விற்பதிலும், விரிசலில் ஈயக் கண்ணாடி நிரப்பியவை நிறைய உண்டு. அதைப் பழுதுபார்க்கக் கொடுத்தால் ஆசாரியின் நெருப்பும் அமிலமும் பட்டுக் கல் பாழாகும். மரகதத்தின் வெடிப்புகளில் எண்ணெய் ஏற்றுவது உலகெங்கும் உள்ள வழக்கம். வெந்நீரிலும் அல்ட்ராசோனிக் தொட்டியிலும் அதைப் போடக் கூடாது. முத்து இன்னும் சுகவாசி. சென்ட் அடித்து, அலங்காரமெல்லாம் முடித்த பிறகு கடைசியாகப் போட்டு, வீடு திரும்பியதும் முதலில் கழற்றி மெல்லிய துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

வைரத்தில் ஏமாறுவதற்கு முக்கிய வழி மொத்த காரட். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம், நம் கடைப் பேச்சில் நூறு சென்ட். ஒரே கல்லாக நூறு சென்ட் இருப்பதற்கும், பதினான்கு சிறு கற்கள் சேர்ந்து நூறு சென்ட் வருவதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஏழு கல் தோட்டில் மொத்தத்தைக் கேட்காமல் நடுக்கல் எத்தனை சென்ட், நிறமும் தெளிவும் என்ன தரம், சான்றிதழ் யாருடையது என்று கேளுங்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரமே. ஆனால் அதன் விலை சில வருடங்களில் வெகுவாகச் சரிந்துவிட்டது. ஆசைக்குப் போடலாம், பின்னால் விற்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். பாட்டி காலத்து 'ப்ளூ ஜாகர்' தோடு வைத்திருப்பவர்கள் அதன் நீலோட்டத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெயர் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்தது. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் அதே குணத்துக்கு இன்றைய சந்தையில் சிலர் விலையைக் குறைக்கிறார்கள். விற்க நினைக்காதவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

பதினொரு மாதச் சீட்டு பற்றியும் சொல்ல வேண்டும். அது பன்னிரண்டைத் தாண்டாததற்குக் காரணம் கடைக்காரரின் தாராளம் அல்ல: நிறுவனங்கள் பொருளுக்காக வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைத் தந்துவிட வேண்டும், தராவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும் என்கிறது கம்பெனிச் சட்ட விதி. சேதாரத்தில் தள்ளுபடி கிடைப்பது நிஜம்தான். ஆனால் சீட்டு முடிகிற வாரத்தில், அந்தத் தொகைக்குள், அந்தக் கடையில் இருப்பதில் ஒன்றை எடுத்தாக வேண்டும். அப்படி அரைமனதாக எடுத்ததுதான் நான்கு வருடத்தில் "பழசாயிடுச்சு" என்று திரும்பி வரும். சீட்டுப் பணத்தைத் தினசரி நகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடையின் நிலைமையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மூடிய கடையின் சீட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அலைந்தவர்கள் நம் ஊரில் குறைவில்லை.

பாதுகாப்புக்கு பேங்க் லாக்கர் என்று எல்லோரும் சொல்வோம். ரிசர்வ் வங்கியின் 2022 ஜனவரி முதலான விதிப்படி, தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு. வாடகை 3,000 ரூபாய் என்றால் மூன்று லட்சம். மேலே போட்ட கணக்கின்படி நான்கு பவுனுக்கே அது காணாது. மிச்சத்துக்கு வீட்டுக் காப்பீட்டோடு நகைக்கும் தனியாகக் காப்பீடு எடுக்கலாம்.

காப்பீட்டுக்கும் கேட்பார்கள், வரி அதிகாரியும் கேட்பார்: காகிதம் எங்கே? மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இவ்வளவுதான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பாக அதை எடுத்துக்கொள்பவர்கள் அநேகம். அது 1994-ல் வந்த உத்தரவு. சோதனையின்போது கணக்குக் காட்டாவிட்டாலும் இந்த அளவுவரை பறிமுதல் செய்யாதே என்று அதிகாரிகளுக்குச் சொல்வது மட்டுமே. கணக்குக் காட்ட முடிந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். ஆகவே ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு நகைக்கும் முன்னும் பின்னும் போட்டோ, மொத்த எடை, நிகர எடை, எச்.யு.ஐ.டி., பில், யார் கொடுத்தது, எந்த விசேஷத்துக்கு. பெண்ணுக்குக் கல்யாணத்தில் போடுவது அவளுடைய சொந்தச் சொத்து என்று 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பில் அவள் பெயரில் இருந்தால் பின்னால் யாரும் வாதாட வேண்டியதில்லை.

ஹால்மார்க்குக்கு முந்திய பழைய நகைக்கு பில் தேட முடியாது. அதைக் காரட் மீட்டரில் வைத்துப் பார்க்கலாம், மேல்பரப்பைத்தான் அது படிக்கும் என்ற நினைப்போடு. அந்தக் காலப் பற்றில் செம்பும் வெள்ளியும் அதிகம். 22 என்று கொடுத்தது இருபதாகக் காட்டினால் பாட்டனாரின் ஆசாரியைத் திட்ட வேண்டாம். கூடவே பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பைக் கணக்கிட்டு எழுதி வாங்கி வையுங்கள். அதற்கு முன்பே குடும்பத்தில் இருந்த நகையை என்றைக்காவது விற்க நேர்ந்தால், வாங்கிய விலையாக அந்த மதிப்பைக் காட்டச் சட்டம் அனுமதிக்கிறது.