தோல்வி தந்த தகுதி

ஹைதராபாத் கஞ்சன்பாக்கிலுள்ள பாதுகாப்புத் துறை ஏவுகணை ஆய்வுக்கூடத்துக்கு 1982-ல் இயக்குநராக வந்தார் ராமேசுவரத்துத் தமிழரான அப்துல் கலாம். அவர் கூடவே கொண்டு வந்தது ஒரு தோல்வியின் பாடம்.

1979 ஆகஸ்டு 10-ந் தேதி, அவர் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, வங்கக் கடலில் விழுந்தது. நிருபர்கள் முன் பொறுப்பை ஏற்றவர் கலாம் அல்ல. விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் வெற்றி கிட்டியபோதோ, பேட்டியளிக்கக் கலாமையே முன்னே அனுப்பினார் தவான்.

அந்தப் பாடம் ஹைதராபாத்தில் உதவிற்று. 1989-ல் 'அக்னி' ஏவுகணை இருமுறை தடைப்பட்டது. பத்திரிகைகள் கேலி செய்தன. சோர்ந்திருந்த சகாக்களிடம் கலாம் தமது பழைய தோல்வியையே எடுத்துச் சொல்லித் தேற்றினார். மே 22-ந் தேதி அக்னி வெற்றிகரமாகப் பறந்தது.

தன் தோல்வியைச் சொல்லக் கூசாத பக்குவம் வாய்த்தவருக்கே பிறரை நடத்திச் செல்லும் தகுதியும் வாய்க்கிறது.