சொல்லும் உள்ளமும்



கதை சொல்பவரின் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்? இலக்கியம் கற்போர் எழுப்ப வேண்டிய வினாக்களுள் இது தலையாயது. காதலைக் கூறும் இடத்தில் இவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. நாணும் உள்ளம் உண்மையை நேரே உரைப்பதில்லை. மறைத்தே உரைக்கும், ஆயினும் அம்மறைப்பே அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இன்று மாணவர் பலர் விரும்பிப் படிக்கும் சப்பானியப் படக்கதையாகிய மங்காவில், வாயால் பேசும் பேச்சு ஒரு குமிழியினுள் எழுதப்படும். நெஞ்சின் எண்ணம் பெரும்பாலும் குமிழிக்கு வெளியே நிற்கும். இரண்டும் முரண்படும்போது படிப்பவர் உண்மையை உணர்ந்துகொள்கின்றனர். நம் அகப்பாடல்களில் ஓவியம் இல்லை, குமிழியும் இல்லை. புலவரும் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி, தோழி, தலைவன் முதலியோரே பேசுவர். அவர் கூறியது மெய்யா என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டுள்ளது.

கலித்தொகையில் கபிலர் பாடிய 51ஆம் பாடலைக் காண்போம். தலைவி தோழிக்கு ஒரு நிகழ்ச்சியை உரைக்கிறாள். சிறு வயதில் அவளது மணல் வீட்டைச் சிதைத்து, மாலையை அறுத்து, பந்தைப் பறித்து ஓடிய குறும்பன் ஒருநாள் வீட்டிற்கு வந்து நீர் கேட்டான். தாய் பொற்கலத்தில் நீர் கொடுத்தனுப்பினாள். அவனோ அவள் கையைப் பற்றினான். அவள் அலறினாள், தாய் ஓடி வந்தாள். நீர் குடிக்கையில் அவனுக்கு விக்கல் எடுத்தது என்று மகள் கூறிவிட்டாள். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவன் கடைக்கண்ணால் தலைவியை நோக்கி நகைத்தான்.

தலைவி அவனை வசைச் சொற்களாலேயே குறிக்கிறாள். ஆயினும் வீடும் மாலையும் பந்தும் அவள் நினைவில் ஒன்றும் குறையாமல் இருக்கின்றன. வெறுத்தவனை இவ்வளவு நுணுக்கமாக நினைவிற் கொள்வார் உண்டோ? அலறல் அச்சத்தில் பிறந்தது. பொய் அன்பில் பிறந்தது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில், பட்டுத்தறிகளின் ஓசை கேட்டு வளர்ந்தவன் நான். சேலையின் முன்புறத்தில் சரிகைப் புட்டாக்கள் தனித்தனியே நிற்கும். சேலையைத் திருப்பினால், ஒரு பூவிலிருந்து மறு பூவிற்கு ஓடும் இழையைக் காணலாம். நெசவு அறிந்தவர் சேலையைத் திருப்பிப் பார்த்தே மதிப்பிடுவர். அகப்பாடலையும் அவ்வாறே திருப்பிப் பார்த்தல் வேண்டும்.

அதே கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாடலில் தலைவியின் வாழ்வே ஊசலாடுகிறது. தலைவன் மறைவில் அவளைக் கூடினான். திருமணமோ நீண்டுகொண்டே போகிறது. அந்நாளில் அங்கு எவரும் இல்லை என்கிறாள். உடனே, ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்நோக்கி நின்ற குருகு ஒன்று இருந்தது என்கிறாள். அதன் கால் தினைத்தாள் போன்றது என்பதும் அவளுக்கு நினைவிருக்கிறது. மீன்மேல் கண் வைத்த பறவை எங்ஙனம் சான்று கூறும்? அவன் மறுத்துவிட்டால் அவளுக்கு ஒரு துணையும் இல்லை. பொய்யும் தவறும் தோன்றிய பின்னரே மணச்சடங்குகள் வகுக்கப்பட்டன என்று தொல்காப்பியர் கூறுவதன் பொருள் இங்கு நன்கு விளங்கும்.

அவள் அவனைக் கள்வன் என்கிறாள். அவன் தரப்பை நாம் கேட்கவில்லை. ஆகையால் அவனைக் குற்றவாளி என்று துணிய இயலாது. ஆனால் அவளது அச்சம் மெய்; அவளது காதலும் மெய். சொல்லின் பொருளை ஐயுறலாம். சொல்லை எழுப்பிய உள்ளத்தை ஐயுற வேண்டுவதில்லை.

மாணவர்களே! பாட்டின் கீழே தலைவி கூற்று என்று கண்டால், அதனை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். யாரிடம் கூறினாள், எந்நிலையில் கூறினாள், எதனை அஞ்சி எதனை மறைத்தாள் என்று வினவுங்கள். இவ்வாறு படிக்கப் பழகியவர், நாளை தம்மிடம் ஒருவர் தயங்கித் தயங்கிப் பேசும்பொழுது, சொல்லாமல் விட்டதையும் பரிவோடு கேட்பர்.