நடந்து அளந்த கோடும் ஊகித்த கோடும்

நிலவரைபடத்தின் கூறுகளான திசை, அளவை, முறைக்குறியீடு ஆகியவற்றை மாணவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஒரு வரைபடத்தை எவ்வளவு நம்பலாம் என்பதைக் களத்தில் இறங்கினால்தான் உணர்வார்கள். இதை விளக்க டேவிட் லிவிங்ஸ்டனின் ஆப்பிரிக்கப் பயணத்தை வகுப்பில் எடுத்துக்காட்டலாம்.

ஸ்காட்லாந்து மருத்துவரான லிவிங்ஸ்டன், 1841இல் கிறித்தவ சமயப் பணிக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். கண்டத்தின் உட்பகுதிக்கு வழி காண விரும்பிய அவர், 1852இல் கேப் டவுன் வானாய்வகத்தின் தலைவர் தாமஸ் மக்லியரிடம் பயிற்சி பெற்றார். செக்ஸ்டன்ட் கருவியால் நண்பகல் சூரியனின் உயரக் கோணத்தை அளந்து அட்சக்கோட்டைக் கணக்கிட்டார். தீர்க்கக்கோட்டை அறிய நிலவின் நிலையை அளந்தார். அளவுகளை மக்லியருக்கே அனுப்பிச் சரிபார்க்கவும் செய்தார்.

1856இல் ஜாம்பசி ஆற்றையொட்டிக் கிழக்குக் கடற்கரை நோக்கிச் சென்றபோது, ஓரிடத்தில் ஆற்றைவிட்டு விலகி, குறுக்கு வழியாக டெட்டே நகரை அடைந்தார். பார்க்காமல் விட்ட அந்தப் பகுதியிலும் படகு செல்லும் என்று நம்பினார். 1858இல் நீராவிப் படகுடன் திரும்பி வந்தபோது, அங்கே பாறைகள் நிறைந்த கெப்ரபாசா பள்ளத்தாக்கும் கடும் நீர்ச்சரிவுகளும் வழிமறித்தன. ஆற்று வழியே உட்பகுதிக்குச் செல்லும் திட்டம் அங்கேயே தடைபட்டது. இன்று அவ்விடத்தில் மொசாம்பிக் நாட்டின் காபோரா பாசா அணை உள்ளது.

அளந்த இடங்களில் அவ்வளவு கவனமாக இருந்தவரை, அளக்காத ஒரு பகுதி ஏமாற்றிவிட்டது. இந்தப் பாடத்தைப் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே கற்பிக்கலாம்.

செயல்பாடு (6 முதல் 8ஆம் வகுப்பு வரை)

1. விளையாட்டுத் திடலில் டேப்பால் 30 மீட்டர் அளந்து குறியிடுக. ஒவ்வொருவரும் மூன்று முறை இயல்பாக நடந்து, காலடிகளின் சராசரியைக் காணட்டும். 50 காலடி வந்தால் ஒரு காலடி 60 செ.மீ.

2. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு தெரு. ஒருவர் காலடி எண்ண, ஒருவர் காந்த ஊசியால் திசை பார்க்க, ஒருவர் குறிப்பெடுக்கட்டும். மற்ற இருவர் இடப்புறமும் வலப்புறமும் உள்ள கிணறு, ரேஷன் கடை, அங்கன்வாடி போன்றவற்றைச் சொல்லட்டும். ஆசிரியர் உடன் செல்வது அவசியம்.

3. வகுப்புக்குத் திரும்பியதும் 1 செ.மீ. = 10 மீ. என்ற அளவையில் வரையச் செய்க.

4. நடந்து அளந்ததை முழுக்கோட்டாலும், பிறர் சொல்லக் கேட்டதையும் ஊகித்ததையும் விட்டுவிட்டு வரும் கோட்டாலும் காட்டச் சொல்க.

நான்காவது படியில்தான் விவாதம் சூடுபிடிக்கும். தினமும் பார்க்கும் தெருதானே என்று முழுக்கோடு போட்ட மாணவரிடம், "எத்தனை காலடி?" என்று பக்கத்துக் குழு கேட்கும். பதில் இல்லையென்றால் அது விட்டுவிட்டு வரும் கோடுதான்.

அடுத்த வாரம் அத்தகைய கோடுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்து, நேரில் சென்று அளந்து திருத்தச் செய்யுங்கள். பழைய படத்தை அழிக்காமல், புதியதன் அருகிலேயே ஒட்டி வையுங்கள். மதிப்பீட்டின்போது, படம் அழகாக இருக்கிறதா என்பதைவிட, தெரிந்ததையும் தெரியாததையும் மாணவர் பிரித்துக் காட்டியுள்ளாரா என்பதற்கே கூடுதல் மதிப்பெண் தரலாம்.